விரட்டாமல் எடுப்பது

மேகம் மூடிய நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்புகிறவரை வீட்டில் இருப்பவர்கள் சற்று இரக்கத்தோடுதான் பார்ப்பார்கள். வெயில் இல்லை, நிறம் இல்லை. கடலும் வானமும் சேறும் ஒரே சாம்பலாகக் கிடக்கும்போது அங்கே போய் எதைப் படம் எடுப்பது? கேட்பதில் நியாயம் உண்டு. நாட்காட்டியிலும் வாழ்த்து அட்டையிலும் நாம் பார்த்துப் பழகிய பறவைப் படங்கள் பெரும்பாலும் காலை வெயிலில் எடுத்தவை. இறகின் நுனியில் பொன் ஒட்டியிருக்கும், கண்ணில் சூரியன் புள்ளியாக மின்னும், தண்ணீர் நீலமாக இருக்கும். அப்படிப்பட்ட படத்தில் நாம் வியப்பது பாதி பறவையை, பாதி வெயிலை.

வெயிலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பறவையும் அதைப் பார்க்கிறவரும்தான். இருவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும், அதை முடிவு செய்வது யார் என்ற கேள்வி அப்போது ஒளிந்துகொள்ள இடமில்லாமல் முன்னால் வந்து நிற்கிறது. கரைப்பறவைகளைப் படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் இந்தக் கேள்விக்கு ஏதோ ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வாயால் சொல்வதில்லை, காலால் சொல்கிறார்கள்.

முதலில் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நெடுங்கால் உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் வெள்ளை, இறக்கை கறுப்பு, கால் சிவப்பு. நல்ல வெயிலில் அதைப் படம் எடுத்தால் வெள்ளை வெந்து போகும், கறுப்பு குழியாகிவிடும். வெள்ளையில் இறகு என்று ஒன்று இருப்பதே தெரியாது. மேகம் மூடினால் ஒளி ஒரு திசையிலிருந்து பாயாமல் வானம் முழுவதிலிருந்தும் இறங்குகிறது. ஈரச் சேறும் தேங்கிய நீரும் அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்ப, பறவையின் அடிவயிறுகூடத் துலங்குகிறது. இறக்கை இறகுகளின் வெளிறிய ஓரம், தேய்ந்த நுனி, புதிதாக முளைத்துவரும் இறகுக்கும் பழையதுக்கும் உள்ள நிற வேறுபாடு எல்லாம் அப்போதுதான் கண்ணுக்குப் படுகின்றன.

கேமராவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். மேகமூட்ட வானத்தைப் பின்புலமாக வைத்துப் பறவையை எடுத்தால், வானத்தின் வெளுப்பைக் கண்டு அஞ்சி அது பறவையைக் கரியாக்கிவிடும். அங்கே எக்ஸ்போஷரை ஒரு படி, சில நேரம் அதற்கும் மேலே, ஏற்றிக்கொள்ள வேண்டும். கறுஞ்சேற்றில் நிற்கும் சிறிய வெள்ளைப் பறவை என்றால் நேர்மாறாகக் குறைக்க வேண்டும். ஓடுகிற கொசு உள்ளானுக்கு ஆயிரத்தில் ஒரு நொடியாவது ஷட்டர் வேகம் தேவை, பறப்பதற்கு அதில் இரு மடங்கு. வெளிச்சம் குறைந்த நாளில் அந்த வேகத்துக்கு ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றித்தான் ஆக வேண்டும். படத்தில் மணல் தூவினாற்போல் கொஞ்சம் சொரசொரப்பு வரும். வரட்டும். அதைத் துடைத்துத் துடைத்து இறகையும் சேர்த்துத் துடைத்தெடுக்கிற இன்றைய வழக்கத்தைவிடச் சொரசொரப்பு மேல்.

இவையெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். மூடிய வானம் தருகிற பெரிய கொடை வேறு. அது நேரம். வெயில் நாளில் நல்ல வெளிச்சம் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். ஒன்பது மணிக்கெல்லாம் உப்பளத்தின் மேல் கானல் எழும்பத் தொடங்கிவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் அந்தக் கானலுக்குள் பறவை நெளியும். ஆகவே வெயில் நாளில் படம் எடுக்கிறவரின் முதுகில் கடிகாரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சம் போவதற்குள் கிட்டப் போக வேண்டும், பறவை திரும்பிப் பார்க்க வேண்டும், பறக்க வேண்டும், படம் கிடைக்க வேண்டும். கடற்கரையில் பறவைகளுக்கு நடக்கும் தொல்லையில் பெரும்பகுதி கொடூர மனத்தால் நடப்பதில்லை, அவசரத்தால் நடக்கிறது. பறவைகளை உண்மையாகவே நேசிப்பவர்கள்தான் அவற்றை விரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மேகமூட்ட நாளில் காலை ஏழு மணி வெளிச்சமும் பிற்பகல் மூன்று மணி வெளிச்சமும் ஏறத்தாழ ஒன்றுதான். கானல் இல்லை. எதுவும் கைநழுவிப் போய்க்கொண்டிருக்கவில்லை. அன்றும் ஒருவர் பறவைக் கூட்டத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தால் அவர் வெயிலின் மேல் பழி போட முடியாது.

கோடியக்கரை இதைக் கற்றுக்கொள்ள நல்ல இடம். வேதாரண்யத்துக்குத் தெற்கே, வங்கக் கடலும் பாக் நீரிணையும் சந்திக்கிற மூலை. வெளிமான்களைக் காப்பதற்காக 1967ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002ல் வேதாரண்யம் பெருஞ்சதுப்பும் உப்பளங்களும் சேர்ந்த பெரும்பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆடி, ஆவணியிலேயே உள்ளான்கள் வந்து இறங்கத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு வானம் மூடிக்கொள்ளும் வாரங்களில், ஆழமில்லாத நீர்ப்பரப்பு முழுக்கக் கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், பவளக்கால் உள்ளான், உப்புக்கொத்திகள், கருவால் மூக்கன்கள். தூரத்தில் பூநாரைகள். படம் எடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் பூநாரைக்காக வருகிறார்கள். பூநாரை அழகுதான், ஆனால் அதைப் பார்ப்பதற்குப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை. கொசு உள்ளானைப் பார்க்கத்தான் பழக வேண்டும்.

கொசு உள்ளானின் எடை முப்பது கிராமைத் தொடுவதே அரிது. அது முட்டையிலிருந்து வெளிவந்தது வடதுருவத்தை ஒட்டிய, மரமே இல்லாத தூந்திர நிலத்தில். கோடைகாலச் சைபீரியாவில் சூரியன் மறையாத சில வாரங்களில் வளர்ந்து, குளிர் தொடங்குமுன் தெற்கே கிளம்பிவிடுகிறது. உள்ளான் இனங்கள் பலவற்றில் பெரியவை முன்னதாகவே புறப்பட்டுவிடும். வளைமூக்கு உள்ளானில் ஆண்கள் முதலில் போகும், அடைகாத்த பெண்கள் பிறகு, குஞ்சுகள் கடைசியில். முன்னே பறந்து வழிகாட்ட யாரும் இல்லாமல், போன அனுபவமும் இல்லாமல், சில மாத வயதான பறவைகள் ஒரு கண்டத்தைக் கடந்து நம் உப்பளத்துப் பாத்தியில் வந்து இறங்குகின்றன. புதிதாய் வந்த இளம்பறவையை அடையாளம் காண மேகமூட்ட வெளிச்சம்தான் உதவும். முதுகு இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிறிய விளிம்பு கட்டியிருக்கும், மீன் செதில் அடுக்கியதுபோல. வெயிலில் அந்த விளிம்பு கரைந்துவிடும்.

அங்கே அவை என்ன செய்கின்றன? சாப்பிடுகின்றன. வேலை என்று சொன்னால் அதுதான் வேலை. உப்புக்கொத்தி கண்ணால் வேட்டையாடுவது. சில அடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், கொத்தும். உள்ளான் அலகால் தேடுவது. நீண்ட அலகின் நுனியில் தொடுவுணர்வு உறுப்புகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் புழு அசைவதை அது சேற்றுக்குள்ளேயே அறிகிறது. பல இனங்களால் அலகு முழுவதையும் திறக்காமல் நுனியை மட்டும் திறந்து இரையைப் பற்ற முடியும். நமக்கு வெறும் சேறாகத் தெரிவது அவற்றுக்குக் கூர்ந்து வாசிக்க வேண்டிய பக்கம். இரவிலும் மேய்கின்றன. தண்ணீர் ஏறி மேய்ச்சல் திட்டு மூழ்கும் நேரத்தில் மட்டும் மேடான இடத்தில் ஒற்றைக் காலில் கூட்டமாக நின்று ஓய்வெடுக்கின்றன.

பங்குனி, சித்திரையில் திரும்பிப் போக வேண்டும். அதற்கு முன் உடலில் கொழுப்பைச் சேர்க்க வேண்டும். நெடுந்தூரம் பறக்கும் மூக்கன் போன்றவை புறப்படும் முன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு, வழியில் பயன்படாத செரிமான உறுப்புகளைச் சுருக்கியும் கொள்கின்றன. 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து கிளம்பி, எங்கும் இறங்காமல் 11 நாட்களில் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் இறங்கியதை, அதன் உடலில் பொருத்திய செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. அப்போது அதன் வயது ஏறத்தாழ ஐந்து மாதம். கடலில் இறங்கி இளைப்பாற அதனால் முடியாது. புறப்படும் முன் சேற்றில் தின்று சேர்த்ததுதான் அந்தப் பதினொரு நாளுக்கும் கட்டுச்சோறு.

இது தெரிந்த பிறகு, ஒரு கூட்டத்தைக் கிளப்பிவிட்டுப் பறக்கும் படம் எடுப்பதை என்னவென்று சொல்வது? நம் ஊரில், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரை இலையில் பாதிச் சோறு இருக்கும்போது எழுப்பிவிடுவதைவிடப் பெரிய அவமதிப்பு கிடையாது. எதிரியாக இருந்தாலும் சாப்பிட்டு முடியட்டும் என்று காத்திருப்பார்கள். சேற்றில் மேயும் பறவைக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. முந்நூறு பறவைகள் ஒன்றாக எழும்பித் திரும்பும்போது அவற்றின் வெள்ளை வயிறுகள் ஒரே கணத்தில் மின்னும் என்பது உண்மை. பருந்தோ வல்லூறோ வந்தால் தாமாகவே எழும்பும், அப்போது எடுத்துக்கொள்ளலாம். எழும்பட்டும் என்று கை தட்டுவதும், கல்லை விட்டெறிவதும், அடிவானம் வரை நடந்து போய்க் கிளப்புவதும் வேறு. அதைச் செய்கிறவர், “பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து உட்கார்ந்துவிடும் சார்” என்பார். வந்து உட்காரும். அவருக்குப் பிறகு அடுத்த கார் வரும். விடுமுறை நாளில் ஒரே திட்டுக்கு எத்தனை கார் வருகிறது என்பதை அந்தப் பறவைதான் எண்ணுகிறது.

எவ்வளவு கிட்டப் போகலாம் என்பதற்கு மீட்டர் கணக்கு எதுவும் சொல்ல முடியாது. இனத்துக்கு இனம், கூட்டத்துக்குக் கூட்டம், காலத்துக்குக் காலம் அது மாறும். கோட்டான் என்னும் கரைப்பறவை வெகு தூரத்திலேயே நகர்ந்துவிடும். கொசு உள்ளான், அசையாமல் உட்கார்ந்திருக்கிறவரின் கால் விரலுக்கு அருகே வந்து மேய்ந்துவிட்டுப் போகும். ஆனால் பறவை பறந்துபோவதற்கு வெகு முன்பே சொல்லிவிடுகிறது. தலையை நிமிர்த்தி மேய்வதை நிறுத்தும். உப்புக்கொத்தி உடலைக் குலுக்கினாற்போல் ஒரு முறை தலையைத் தூக்கி இறக்கும். ஒற்றைக் காலில் தூங்குவது மற்றக் காலையும் ஊன்றும். பவளக்கால் உள்ளான் எல்லாவற்றுக்கும் முன்னால் குரல் கொடுக்கும். கூட்டத்தின் காவல் அதனிடம்தான் இருக்கிறதோ என்று தோன்றும். இவற்றில் எது நடந்தாலும் நின்றுவிட வேண்டும். சற்று நேரத்தில் மறுபடி மேயத் தொடங்கினால் அங்கேயே இருக்கலாம். தொடங்காவிட்டால் வந்த வழியே பின்வாங்க வேண்டும். முன்னே போவதற்கு உள்ள கவனம் பின்னே வருவதற்கும் வேண்டும். படம் கிடைத்ததும் சட்டென்று எழுந்து நின்று உடம்பைத் தட்டிக்கொள்கிறவர்களால்தான் கூட்டம் கிளம்பிவிடுகிறது.

இதைவிட நல்ல வழி, போகாமலே இருப்பது. காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எந்தத் திட்டை நோக்கி ஏறுகிறது, பறவைகள் எந்தத் திசையில் மேய்ந்துகொண்டே நகர்கின்றன என்று பார்த்து, அவை வரப்போகும் இடத்துக்கு முன்னதாகப் போய்ச் சேற்றில் குப்புறப் படுத்துவிட வேண்டும். கோடியக்கரைப் பக்கம் கடல் ஓதத்தின் ஏற்ற இறக்கம் பெரிதல்ல. சதுப்பில் தண்ணீரை நகர்த்துவதில் காற்றுக்கும் பெரும் பங்குண்டு. அதனால் உள்ளூர்க்காரர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் புத்தி. படுத்த பிறகு அரை மணியோ ஒரு மணியோ எதுவும் நடக்காது. உடம்பு நனையும், உப்பு நீரில் முழங்கை எரியும். அப்புறம் பறவைகள் வரும், அல்லது வராது. வந்தால் அது அவற்றின் முடிவு. பறவையின் கண்மட்டத்திலிருந்து, அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது எடுத்த படத்துக்கும், நின்றுகொண்டே மேலிருந்து விரட்டி எடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கேமரா பிடிக்கத் தெரியாத குழந்தைகூடச் சொல்லிவிடும். பயந்த பறவையின் உடல் ஒடுங்கியிருக்கும், கழுத்து நீண்டிருக்கும், கண் நம் மேலேயே இருக்கும். படத்தில் நாம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் அந்தக் கண்ணில் இருக்கிறோம்.

பறவைப் படக்கலையின் தொடக்கமே துப்பாக்கியோடு சேர்ந்தது. 1882ல் பிரெஞ்சு அறிவியலாளர் எத்தியென் ழூல் மாரே, பறவை பறக்கும் விதத்தைப் பதிவு செய்ய ஒரு கருவி செய்தார். துப்பாக்கி வடிவம், தோளில் அணைத்துக் குறிபார்த்து விசையை இழுத்தால் நொடிக்குப் பன்னிரண்டு படங்கள். அவர் கொல்லவில்லை. பறக்கும் கலையைப் புரிந்துகொள்ள விரும்பினார். இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பறவைகளைப் படம் எடுக்க, உள்ளே குடைந்த பொய் மாடு ஒன்றைச் செய்து அதற்குள் ஒளிந்துகொண்டார்கள். ஒருவர் மாட்டுக்குள் பல மணி நேரம் குனிந்து நிற்க வேண்டும். வேடிக்கையாகத் தோன்றும் அந்த ஏற்பாட்டில் ஒரு நாகரிகம் இருந்தது. சிரமம் தங்களுடையதாக இருக்கட்டும், பறவையுடையதாக வேண்டாம் என்பது. இன்று அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ் இருக்கிறது, ஒரு நொடியில் இருபது படம் எடுக்கும் கேமரா இருக்கிறது. தூரத்தில் இருந்துகொள்ளத்தான் அந்த லென்ஸ். அதை வைத்துக்கொண்டே இன்னும் கிட்டப் போகத் துடிக்கிறோம்.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் பலர் நினைப்பதைவிடக் கூர்மையானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்பது என்னவென்று வரையறுக்கும்போது கொல்வதோடு நிற்கவில்லை. கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது, இவற்றுக்கு முயல்வது, காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பது எல்லாவற்றையும் அதே சொல்லுக்குள் அடக்கியிருக்கிறது. கையில் இருப்பது துப்பாக்கியா கேமராவா என்று அந்த வரையறை கேட்பதில்லை. சட்டம் அந்த அளவுக்கு நடைமுறையில் வருவதில்லை என்பது வேறு. வனத்துறை அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுகிறவர்களுக்கு இதை நினைவூட்டலாம்.

கூடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஆள்காட்டியும் கெண்டிஷ் உப்புக்கொத்தியும் வெறுந்தரையில் முட்டையிடுகின்றன. உப்பள வரப்பு, வண்டல் திட்டு, சரளை மேடு எதுவாகவும் இருக்கலாம். கோடை மாதங்களில் தாய் எழுந்து போனால் முட்டை வெயிலில் வெந்துவிடும். மேகம் மூடிய நாளில் அந்த ஆபத்து குறைவு என்று சிலர் அன்றைக்குக் கூட்டைத் தேடிப் போகிறார்கள். ஆனால் காகம் இருக்கிறது. மனிதர் குனிந்து பார்க்கும் இடத்தில் ஏதோ இருக்கிறது என்று அதற்குத் தெரியும். இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் புரண்டு தாய்ப்பறவை நம்மை வேறு பக்கம் இழுத்துப் போகும்போது அதையும் படம் எடுத்து “அரிய காட்சி” என்று போடுகிறோம். தன் குஞ்சுக்காக அது நம்மைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறது. கூட்டுப் படம் வேண்டாம் என்று முழுமையாக ஒதுக்கிவிடுவது நல்லது. இதில் நடுவழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சாம்பல் நாளைப் பற்றிப் பேசும்போது மா. கிருஷ்ணனை நினைக்காமல் இருக்க முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912ல் பிறந்து 1996ல் மறைந்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர் பற்றி எழுதினார். ஆங்கில நாளிதழ் ஒன்றில் 1950ல் தொடங்கிய பத்தியை இறக்கும்வரை விடவில்லை. வண்ணப்படம் பரவலான பிறகும் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தவர். அவருடைய படங்களில் விலங்கு தன் இடத்தில், தன் வேலையில் இருக்கும். இன்று கணினியில் சாம்பல் வானத்தைக் கழற்றிவிட்டுச் செவ்வானம் ஒன்றை மாட்டிவிட முடிகிறது. இரண்டு சொடுக்கில் முடிந்துவிடும். கேட்டால், “படம்தானே” என்கிறார்கள். வாடை மாதத்து உள்ளான் மேல் சித்திரை வெயிலைப் பூசுவது பொய். பொய்யை அழகுக்காகச் சொன்னால் அது பொய் இல்லாமல் போய்விடாது. சாம்பலைச் சாம்பலாக ஏற்றுக்கொள்ளப் பழகினால் அதற்குள் எத்தனை சாம்பல் இருக்கிறது என்பது தெரியவரும். ஈரச் சேறு, காய்ந்த உப்பு, வளைமூக்கு உள்ளானின் குளிர்கால முதுகு, மழை இறங்கப்போகும் வடகிழக்கு எல்லாம் தனித்தனிச் சாம்பல்.

ஒன்றை இங்கே மறக்கக் கூடாது. படம் எடுப்பவருக்கு நல்ல வெளிச்சம் தரும் அந்த மேகம், உப்பளத் தொழிலாளிக்குக் கூலியை நிறுத்தும் மேகம். வெயில் இருந்தால்தான் உப்பு விளையும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பாத்திகள் நீரில் கிடக்கும், வேலை இருக்காது. 1930ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த வேதாரண்யம் இது. அந்த உப்பை இன்றும் கையால் வாரிக் குவிப்பவர்கள் வரப்பில் நம்மைக் கடந்து போகிறார்கள். வாடைக் காற்று பலத்தால் படகு கரையேறிக் கிடக்கும், வலையைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருப்பார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. மூடிய வானம் இவர்களுக்குள் எதை எழுப்பும் என்பதை வெளியூரிலிருந்து வந்தவர் கொஞ்சமாவது எண்ணிப் பார்க்க வேண்டும். “என்னண்ணே, இன்னைக்குப் பாடு உண்டா?” என்று கேட்டுவிட்டு அப்புறம் கேமராவை எடுப்பதற்கு அதிக நேரம் ஆகாது. பூநாரைக் கூட்டத்துக்கு முன்னால் தலைச்சுமையோடு ஒரு பெண் நடந்து போனால் படம் அழகாக இருக்கும் என்று கேட்காமலே எடுத்துக்கொள்கிறோம். பறவையிடம் கேட்க வழியில்லை. மனிதரிடம் வழி இருக்கிறது.

இதே கரையில் பறவைகளைப் பிடிப்பவர்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, எடைபார்த்துப் பறக்கவிடுகிறது. அந்தப் பணியில் பீகாரின் மிர்ஷிகார் குலத்தைச் சேர்ந்த அலி உசேன் போன்ற பரம்பரைப் பறவை பிடிப்பவர்களின் கைத்திறன் பெரிதும் பயன்பட்டது. வயிற்றுப்பாட்டுக்குப் பறவை பிடித்தவர் கூட்டத்தைக் கலைக்க மாட்டார். கலைத்தால் அன்றைக்குச் சோறு இல்லை. எங்கே நிற்பது, எப்போது மூச்சை அடக்குவது என்பதெல்லாம் அவருக்குப் பிழைப்பு கற்றுக்கொடுத்தது. பொழுதுபோக்குக்காக வருகிறவருக்குக் கூட்டம் கலைந்தாலும் நட்டம் இல்லை, அடுத்த திட்டுக்குக் காரை ஓட்டலாம். அதனால்தான் அவருக்குக் கட்டுப்பாடு வெளியிலிருந்து வராது.

படம் எடுப்பதால் பறவை காப்பாற்றப்படுகிறது என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். எப்போதாவது அது உண்மை, எப்போதும் அல்ல. மெல்லிய அலகுடைய கோட்டான் இனம் ஒன்று சைபீரியப் பகுதியிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துக்கு வலசை போய்க்கொண்டிருந்தது. ஐயத்துக்கு இடமில்லாமல் அதைக் கடைசியாகப் பார்த்தது 1995 பிப்ரவரியில், மொராக்கோவின் மெர்ஜா ஸெர்கா என்ற காயல் கரையில். அந்தக் காயலில் எடுத்த படங்கள் இருக்கின்றன. முப்பது ஆண்டுகள் தேடிய பிறகு, 2025ல் அந்த இனம் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களைப் பற்றி 2024ல் வெளியான உலகச் செம்பட்டியலில், கோடியக்கரையில் நாம் சாதாரணம் என்று ஒதுக்கும் வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் அழிவபாயம் உள்ள இனங்களாக ஏற்றப்பட்டிருக்கின்றன. 1980களில் இதே சதுப்பில் பதிவான கரண்டிமூக்கு உள்ளான், உலகம் முழுவதும் சேர்த்துச் சில நூறுகளுக்குச் சுருங்கிவிட்டது. வழியில் உள்ள சேற்று நிலங்கள் தூர்க்கப்பட்டதும் வலை விரித்துப் பிடித்ததும் முக்கியக் காரணங்கள். கேமராக்காரர்கள் காரணம் இல்லை. ஆனால் இவ்வளவு இழப்போடு வந்து இறங்குகிற பறவையிடமிருந்து நாமும் கொஞ்சம் எடுத்துக்கொள்வது சிறு விஷயம் என்று சொல்லிவிட முடியாது.

அபூர்வப் பறவை ஒன்று வந்தால் அன்று மாலைக்குள் இருப்பிடம் எல்லோர் கைபேசியிலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மறுநாள் இருபது முக்காலிகள். அந்த இருபதில் நாமும் ஒருவராக நிற்க வேண்டுமா என்பதை இருபது பேரும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும், கேட்பதில்லை. எடுத்த படத்தை ஒரு மாதம் கழித்து, பறவை போன பிறகு, இடப்பெயரை மாவட்டம் அளவுக்கு மட்டும் சொல்லி வெளியிட்டால் படத்தின் தரம் குறையாது. முதலில் எடுத்தவர் என்ற பெயர் மட்டும் போகும்.

இந்த எல்லா எச்சரிக்கைக்கும் நடுவே, தயங்காமல் எடுக்க வேண்டிய படம் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் அழகில்லாத படம். உள்ளானின் காலில் உலோக வளையமோ, எழுத்தும் எண்ணும் பொறித்த வண்ணக் கொடியோ இருந்தால், இருக்கும் தூரத்திலிருந்தே அந்தக் கால் தெரிகிற மாதிரி எடுத்துவிட வேண்டும். வெயிலில் கண்கூசிப் படிக்க முடியாத கொடி மேகமூட்டத்தில் படிக்கக் கிடைக்கும். 1995ல் தென் அமெரிக்காவின் தென்கோடியில், டியெரா டெல் ஃபுவேகோவில், ரெட் நாட் என்னும் உள்ளான் ஒன்றுக்கு வளையமிட்டார்கள். பிறகு அதன் காலில் கட்டிய கொடியின் குறி பி95. 2014 வரை, இரண்டு கண்டங்களில் பலர் அந்தக் குறியைப் படித்துப் பதிவு செய்தார்கள். அதன் ஆண்டுப் பயணங்களைக் கூட்டிப் பார்த்தபோது பூமியிலிருந்து நிலவுக்குள்ள தூரத்தை அது தாண்டிவிட்டிருந்தது. ஒரு பறவை அவ்வளவு ஆண்டு வாழ்ந்தது, அவ்வளவு தூரம் போனது என்பது வெறும் எண்ணைப் படித்து எழுதியவர்களால் தெரிந்தது.

கோடியக்கரையில் அப்படி ஒரு குறி படத்தில் அகப்பட்டால் வளையமிடும் ஆய்வாளர்களுக்கு எழுதி அனுப்பலாம். தேதி, நேரம், இடம், எந்தக் காலில் எந்த நிறம், கூடவே எத்தனை பறவைகள் என்று குறிக்க வேண்டும். அது அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மேய்ந்துகொண்டிருந்தது என்றால் அப்படி. நாம் போனதால் எழும்பிப் பறந்துவிட்டது என்றால் அதையும் அப்படியே எழுதிவிட வேண்டும்.